வெயிட் மெஷினுக்குத் தெரியாத சமாச்சாரங்கள்

கல்யாண மண்டபத்தில் இரண்டு பெண்கள் ஒரு வருடம் கழித்துச் சந்தித்துக்கொண்டால் முதலில் வருவது "சௌக்கியமா?" இல்லை. "என்னடி இப்படி வெயிட் போட்டுட்டே?" அல்லது "என்னடி இப்படி இளைச்சுத் துரும்பாயிட்டே?" இரண்டில் ஒன்று கட்டாயம் வரும். "அப்படியே இருக்கியே, எப்படி?" என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. அது எப்போதாவது தான் வரும், அதிலும் பாதி பொறாமை. ஆண்கள் சந்தித்தால் தொப்பையை ஒரு தட்டு தட்டி "என்ன மச்சான், நல்ல சாப்பாடா?" என்று சிரித்துவிட்டு வேலை, சம்பளம், கிரிக்கெட் என்று போய்விடுவார்கள். பெண்களுக்கு அந்தக் கேள்வி மண்டபத்தோடு முடிவதில்லை. வீட்டுக்கு வந்து, பட்டுப்புடவையை மாற்றி, நகையைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் வெயிட் மெஷினைக் காலால் இழுத்து, அதன்மேல் ஏறி நின்று பார்க்கிற வரைக்கும் கூடவே வரும்.

தமிழில் 'எடை போடுவது' என்றால் இரண்டு அர்த்தம். தராசில் நிறுத்துப் பார்ப்பது ஒன்று, ஒரு ஆளை மதிப்பிடுவது இன்னொன்று. அரிசி, தங்கம், பழைய பேப்பர் எல்லாவற்றுக்கும் முதல் அர்த்தம் போதும். பெண்களிடம் வரும்போது தான் இரண்டு அர்த்தமும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கிறது.

ஒரு காலத்தில் இந்த எடை பார்ப்பது ஒரு பொழுதுபோக்காக இருந்தது. ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஆளுயரத்துக்கு ஒரு மெஷின் நிற்கும். உள்ளே கலர் கலராக பல்பு மினுக்கும், ஒரு சக்கரம் சுற்றும். ஏறி நின்று, சுற்றுவது நின்றதும் காசு போட்டால் 'டக்'கென்று ஒரு சின்ன அட்டை வந்து விழும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் ஜோசியம். சில அட்டைகளில் சினிமா நட்சத்திரம் படம் கூட இருக்கும். வாங்கிய பெண்கள் முதலில் ஜோசியத்தைத் தான் படித்தார்கள். எடை சரியாக இருந்ததா என்று யாரும் சண்டைக்குப் போனதாகத் தெரியவில்லை. அந்த மெஷின் சொன்ன எடைக்கும் அதே அட்டையில் இருந்த ஜோசியத்துக்கும் நம்பகத்தன்மை ஏறக்குறைய ஒன்று தான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது :)

இப்போது பல ஸ்டேஷன்களில் அந்தப் பெட்டியைக் காணோம். பதிலுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு கண்ணாடிப் பலகை வீட்டுக்குள் வந்துவிட்டது. 100 கிராம் வரைக்கும் துல்லியமாகக் காட்டும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும். ஊருக்குப் போகும்போது வருடத்தில் ஒரு நாள் நடந்த விளையாட்டு, தினமும் காலையில் பல் தேய்த்ததும் எழுதும் பரீட்சை ஆகிவிட்டது. ரிசல்ட்டும் உடனே தெரிந்துவிடும். 300 கிராம் குறைந்திருந்தால் அன்றைக்குக் காபியில் சர்க்கரை உண்டு. 400 கிராம் ஏறியிருந்தால் காலை இட்லி கட். அந்த 400 கிராம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்த்தால் பதில் ரொம்ப சாதாரணமானது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு மெஷினில் ஏறினால் எடை கூடத்தான் செய்யும், அது கொழுப்பு இல்லை. முந்தின நாள் விருந்தில் அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய் என்று உப்பாகச் சாப்பிட்டிருந்தால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதவிடாய் வருவதற்கு முந்தின சில நாட்களில் பலருக்கு இதே கதை தான், உடம்பு நீர் கோத்து கனக்கும், அப்புறம் தானாகவே இறங்கும். மலச்சிக்கல் இருந்தாலும் ஏறும். ஆரோக்கியமான ஒருவருக்கே ஒரு நாளைக்குள் ஒன்று, இரண்டு கிலோ ஏறி இறங்குவது சகஜம். அப்படியிருக்க 400 கிராமுக்காக இட்லியைத் தியாகம் செய்வதை என்னவென்று சொல்வது?

விரதம் இருந்தால் ஒரே நாளில் எடை குறைவதும் இதே கணக்கு தான். சோறு, இட்லி மாதிரி மாவுச்சத்து குறைந்தால் உடம்பு கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜனை எடுத்துச் செலவு செய்யும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்தே இருக்கும், அதுவும் கூடவே வெளியேறிவிடும். எந்த டயட்டிலும் முதல் வாரம் எடை மளமளவென்று இறங்குவதும், மூன்றாவது வாரம் நகராமல் நிற்பதும் பெரும்பாலும் இதனால் தான். அந்த மூன்றாவது வாரத்தில் தான் பெரும்பாலான பெண்கள் "என் உடம்புக்கு எதுவும் ஒத்துவராது" என்று முடிவு கட்டுகிறார்கள்.

நகை விஷயமும் வேடிக்கை. வளையல், தோடு, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்து பவுன் சங்கிலி என்பது வெறும் 40 கிராம். 100 கிராம் வரைக்கும் காட்டும் மெஷினுக்கு அது தெரிவதே சந்தேகம். தாலிச்சங்கிலியைப் போட்டுக்கொண்டே தாராளமாக ஏறலாம்.

சுவரெங்கும் ஒட்டியிருக்கும் "30 நாளில் 10 கிலோ குறைய" விளம்பரத்தையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு இந்தியப் பெண்ணின் ஒரு நாள் தேவை 1,660 கலோரி என்று 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சொல்லியிருக்கின்றன. அந்தப் பெண் 30 நாளும் பச்சைத்தண்ணீர் மட்டும் குடித்து உயிரோடு இருந்தாலும் 49,800 கலோரி தான் மிச்சம். வகுத்தால் ஆறரை கிலோ கூட வரவில்லை. ஆக, விளம்பரக்காரர் சொல்லும் பத்து கிலோ நிஜமாகவே குறைந்தால், அதில் கணிசமான பங்கு தண்ணீரும் தசையும். நோட்டீஸில் இந்தக் கணக்கை யாரும் அச்சடிப்பதில்லை.

தசை போவது தான் இதில் நிஜமான நஷ்டம். தசை கொழுப்பை விட அடர்த்தியானது. ஒரு பெண் ஆறு மாதம் ஒழுங்காக நடந்து, கொஞ்சம் கனம் தூக்கிப் பயிற்சி செய்து, இரண்டு கிலோ கொழுப்பு குறைந்து இரண்டு கிலோ தசை ஏறினால் மெஷின் காட்டுவது பூஜ்யம். பட்டினி கிடந்து இரண்டு கிலோ தசையை இழந்தவளுக்கு மெஷின் கொடுப்பது பாராட்டு. வரவு, செலவு, கடன் எதையும் பார்க்காமல் மாதக் கடைசியில் கல்லாப்பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்த்து, கடை லாபமா நஷ்டமா என்று சொல்கிற முதலாளியைப் போலத்தான் இது. கடன் வாங்கிய பணமும் கல்லாவில் தான் இருக்கும். 2025-இல் எடை குறைக்கும் வாராந்திர ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் முக்கியமாகிவிட்டது. அவற்றால் நன்மை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் இறங்கும் கிலோக்களில் ஒரு பகுதி தசை என்பதால் தான் புரதமும் உடற்பயிற்சியும் கூடவே வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கேட்கிறவர்கள் காதில் விழுவது கிலோ மட்டும்.

மெஷினுக்குப் பெரியண்ணன் ஒருவர் இருக்கிறார், பி.எம்.ஐ. கிலோவில் எடை, அதை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. இதை 1830-களில் யோசித்தவர் அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக்காரர், அவர் டாக்டர் இல்லை. வானியலும் புள்ளியியலும் அறிந்தவர், 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடியவர். ஒரு ஆளுக்கு வைத்தியம் பார்க்க அவர் அதை உண்டாக்கவில்லை. அதற்கு 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' என்று பெயர் வைத்ததே 1972-இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி தான். கூட்டத்தை அளக்க வந்த ஃபார்முலா இன்றைக்கு ஒவ்வொருவரின் கைபேசியிலும் மார்க் போட்டுக்கொண்டிருக்கிறது.

கூட்டத்துக்குச் சரியாக வருவது தனி ஆளுக்கு எவ்வளவு தப்பாக வரலாம் என்பதற்கு 2004-இல் லான்செட் இதழில் ஒரு அருமையான உதாரணம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் யுட்கின் ஆகிய இரண்டு விஞ்ஞானிகள் தங்களையே அளந்து போட்டோவோடு வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. அச்சு அசலாக 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%. பார்க்க ஒல்லியாகத் தெரிகிற இந்திய உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கும், அதிலும் வயிற்றுக்குள் இருக்கும் என்பது தான் சேதி. ஆசியர்களுக்கு 23-இலிருந்தே ஜாக்கிரதையாக இருக்கச் சொல்வது இதனால் தான். கடைசியாக 2025 ஜனவரியில் லான்செட் குழு ஒன்று, பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து ஒருவரை உடல்பருமன் நோயாளி என்று முடிவு செய்யக்கூடாது, இடுப்புச் சுற்றளவு போன்றவற்றையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. இரண்டு ஆண்களின் உதாரணம் ஏன் பெண்களுக்கு என்று கேட்கலாம். நியாயம் தான். ஆனால் "நான் ஒல்லி, எனக்கு சுகர் வராது" என்று நிம்மதியாக இருக்கும் பெண்ணுக்குத் தான் இது அதிகம் பொருந்துகிறது.

ஒரு பெண்ணின் ஆயுசில் இந்த எண் எத்தனை முறை கட்சி மாறுகிறது என்று பார்த்தால் தலை சுற்றும். பிறந்ததும் தராசில் போடுகிறார்கள். இரண்டரை கிலோவுக்குக் குறைவு என்றால் எல்லோர் முகத்திலும் கவலை. அப்புறம் அங்கன்வாடியில் மாதாமாதம் எடை, வளர்ச்சி அட்டையில் கோடு மேலே போனால் சந்தோஷம். (1980-இல் தமிழ்நாட்டில் ஆரம்பித்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமே மாதாமாதம் குழந்தைகளை நிறுத்துப் பார்த்து, எடை ஏறாத குழந்தைகளுக்குத் தேடிச் சத்துணவு கொடுத்தது தான். எடை பார்ப்பதால் உயிர் பிழைக்கும் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.) பள்ளிக்கூடம் போகும்போது "நல்லா சாப்பிடு, காத்துல பறந்துடுவே". பதினெட்டு வயதானதும் "கொஞ்சம் குறைச்சா தேவலை, மாப்பிள்ளை பார்க்கணும்". கல்யாணம் முடிந்து ஆறு மாதத்தில் எடை ஏறவில்லை என்றால் "மாமியார் வீட்ல சோறு போடலையா?" ஏறிவிட்டால் "எங்க பொண்ணு பூசினாப்ல ஆயிட்டா, விசேஷமா?" கர்ப்பமானால் ஒவ்வொரு செக்கப்பிலும் எடை, பத்து பன்னிரண்டு கிலோ ஏறியே ஆக வேண்டும். பிரசவம் முடிந்து பத்தியச் சாப்பாடு, நெய், பூண்டு என்று ஊட்டியே எடையேற்றிய அதே வாய்கள், குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் "இன்னும் வயிறு உள்ளே போகலியே" என்று ஆரம்பிக்கும். இவ்வளவுக்கும் நடுவில் அவளுக்கு அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரே கருவியாக அந்தக் கண்ணாடிப் பலகை மிஞ்சுகிறது.

வேலைக்குப் போன பெண்களையும் அது விடவில்லை. எடை அதிகம் என்று தரையிறக்கப்பட்ட ஏர் இந்தியா பணிப்பெண்கள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய் 2008-இல் தோற்றார்கள். 2009 ஜனவரியில் அவர்களில் சிலருக்கு வேலையே போனது. விமானத்தில் அவசரம் என்றால் ஓடியாட வேண்டும் என்பது நிர்வாகத்தின் வாதம். ஓடிக் காட்டச் சொல்லிப் பார்த்திருக்கலாமே என்று தான் கேட்கத் தோன்றுகிறது. ஓட்டத்தை அளக்க தராசு எதற்கு?

இதெல்லாம் மனசு கஷ்டம் சம்பந்தப்பட்டது, போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் இதில் உடம்பே மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4% பேர் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் இது 30.9%. எனவே எடை ஒரு பிரச்சனையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. இதே வயதுப் பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை.  எடை அதிகமாகவும் ரத்தம் குறைவாகவும் ஒரே சமயத்தில் இருக்கிற பெண்களும் இருக்கத்தான் செய்வார்கள். அப்படி ஒருத்தி மெஷினைப் பார்த்துவிட்டு என்ன செய்வாள்? காலைச் சாப்பாட்டை நிறுத்துவாள். முட்டையை நிறுத்துவாள். ராத்திரி ஒரு டம்ளர் பால். ஏற்கெனவே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது. அதற்கும் குண்டாக இருப்பது தான் காரணம் என்று அவளே சொல்லிக்கொள்வாள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கிறதா என்று சொல்ல மெஷினுக்குத் தெரியாது. பெண்கள் விடுதியில் போய்க் கேட்டால் போன வார எடையைப் புள்ளியோடு சொல்வார்கள், ஹீமோகுளோபின் கேட்டால் முழிப்பார்கள்.

இதைவிட மோசமானது எடை தானாகக் குறையும்போது நடப்பது. சாப்பாட்டையும் மாற்றவில்லை, நடக்கவும் இல்லை, மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைந்தால் அது சர்க்கரை நோயாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம். டாக்டரிடம் ஓட வேண்டிய சமயம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அப்போது கிடைப்பது வாழ்நாளிலேயே அதிகமான பாராட்டு. "சூப்பரா இளைச்சிட்டே, என்ன பண்றே, எனக்கும் சொல்லேன்!" அவளும் சந்தோஷமாக மெஷினில் ஏறி ஏறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆண்களுக்கு இந்த ஆபத்து கொஞ்சம் குறைவு. ஆண் இளைத்தால் "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று தான் இந்த ஊரில் கேட்பார்கள்.

அதற்காக மெஷினைத் தூக்கிப் பரணில் போடச் சொல்வதும் அபத்தம். டயாலிசிஸ் நடக்கும் இடங்களில் நோயாளியை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்க்கிறார்கள், எவ்வளவு தண்ணீரை எடுக்க வேண்டும் என்பதற்கே அது தான் ஆதாரம். இதயம் பலவீனமானவர்களை தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்வார்கள், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம். அங்கே அந்த ஏற்ற இறக்கம் தான் செய்தியே. பிசிஓடி உள்ள பெண்களுக்கு, எடை அதிகமாக இருந்து அதில் 5% குறைந்தால் கூட மாதவிடாய் ஒழுங்காக வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் 1994-இல் ஆரம்பித்து, எடையைக் குறைத்துத் தக்கவைத்தவர்களைப் பதிவு செய்துவரும் ஒரு பட்டியலில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறவர்கள். ஆனால் அதே மருத்துவ உலகம், சாப்பாட்டை வெறுத்து ஒதுக்கும் நோயில் விழுந்த பெண்களை மெஷினில் முதுகைக் காட்டி நிற்கவைத்து, எண்ணைச் சொல்லாமலே குறித்துக்கொள்வதும் உண்டு. ஒரே மெஷின், யாருக்கு எதற்காக என்பதில் தான் வித்தியாசம். காரணம் தெரிந்து பார்க்கிறவள் வாரத்துக்கு ஒரு நாள், ஒரே நேரத்தில் பார்த்து எழுதிவைத்து, மாதக் கடைசியில் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பாள். பயத்தில் பார்க்கிறவள் காலையில் ஒரு தடவை, குளித்துவிட்டு ஒரு தடவை, மெஷினை ஹாலுக்கு நகர்த்திவைத்து இன்னொரு தடவை பார்ப்பாள்.

வேறு எதை அளப்பது என்றால் உடனே கைக்கடிகாரத்தில் தினமும் 10,000 அடி என்பார்கள். அந்தப் பத்தாயிரம் 1965-இல் ஜப்பானில் நடை எண்ணும் கருவி விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது, மருத்துவர் சீட்டிலிருந்து வரவில்லை. நடப்பது நல்லது தான், ஆனால் இன்னொரு எண்ணுக்கு அடிமையாக வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-இல் ஆரம்பித்த திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல, அவருக்குப் பாருங்க" என்று கணவரை முன்னால் தள்ளிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்ற பெண்கள் எத்தனை பேரோ.

இடுப்பு அளவுக்கு மட்டும் பெரிய செலவே இல்லை. இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம், அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்கிறார்கள். அதை அளக்கிற டேப் தெருமுனை டெய்லர் கழுத்தில் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஒரு பக்கம் அங்குலம், மறு பக்கம் சென்டிமீட்டர். சொல்லப்போனால் தமிழ்நாட்டுப் பெண்களிடம் மெஷின் வருவதற்கு முன்னாலேயே ஒரு அளவுகோல் இருந்தது, அளவு ஜாக்கெட். பீரோவில் மடித்து வைத்திருக்கும், நன்றாகப் பொருந்துகிற ஒரு பழைய ஜாக்கெட். தீபாவளிக்குத் துணி எடுத்ததும் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கை பிடிக்கிறது, இடுப்பில் ஒரு அங்குலம் விடணும் என்று சொல்ல ஐந்து நிமிடம் ஆகாது. டெய்லரும் "ஏன் இப்படி ஆயிட்டீங்க?" என்று கேட்பதில்லை. "உள்ள ரெண்டு தையல் விட்டுத் தரேன்மா, வேணும்னா பிரிச்சுக்கலாம், பிடிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு நோட்டில் பழைய அளவைப் பென்சிலால் அடித்துப் புதிய அளவை எழுதிக்கொள்வார்.